அப்பா விட்டுக்கொடுத்த பாதி

என் அப்பா தன் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்த செய்தி எங்கள் வீட்டுக்கு ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். முதலியார்பேட்டை நாற்சந்தியில் கூட்டம். எங்கள் தெரு முனை விளக்குக் கம்பத்திலும் ஓர் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டிருந்தார்கள். அம்மா பின்கட்டில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, சென்னைக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்களுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றாவதாக 'சோப்புப் பெட்டி' என்று எழுதியபோது அப்பாவின் மேடைக் குரல் கேட்டது.

"இந்த மாதம் முதல், என் சம்பளத்தில் பாதியை இந்த மக்களுக்கே விட்டுவிடுகிறேன்!"

கைதட்டல். அம்மா கையில் மீனோடு கூடத்து வாசலுக்கு வந்தாள்.

"கால்னாரா, பாதின்னாரா?"

"பாதின்னாரு."

"சரியா கேட்டியா?"

"திருப்பிச் சொல்லுவாரு. கேளு."

திருப்பிச் சொன்னார். கைதட்டல் குறையும்போதெல்லாம் சொன்னார். மொத்தம் மூன்று தடவை. மூன்றிலும் பாதிதான். அம்மா உள்ளே போய் மீதி மீனையும் ஆய்ந்து முடித்தாள். நான் பட்டியலைப் பார்த்தேன். பன்னிரண்டாவது என்ன எழுத நினைத்தேன் என்பது மறந்துபோயிருந்தது.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நான் இப்போது மராமத்து இலாகாவில் வரைபடம் போடுகிறவள். எதையும் மூன்று பக்கத்திலிருந்து காட்டிப் பழக்கம். முன்தோற்றம்: வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மேல்தோற்றம்: நடுவில் வழுக்கை, சுற்றிலும் மனுக் கொடுக்க வந்தவர்கள். குறுக்குவெட்டு: தவளக்குப்பம் பக்கத்தில் நெல் பயிரிட்ட குடும்பத்துப் பிள்ளை, முதலியார்பேட்டை மில்லுக்கு வேலைக்கு வந்தவர், டைம் கீப்பராகி, சங்கத் தலைவராகி, கடைசியில் சபை உறுப்பினரானவர். உறுப்பினரானதும் மில் வேலையை விட்டுவிட்டார். ஆகவே வீட்டுக்கு வந்த ஒரே வருமானம் சபைச் சம்பளம். அதில்தான் பாதி, இப்போது ஒலிபெருக்கியில் போய்விட்டது.

பிரெஞ்சுக்காரர்களின் கொடி இறங்கி அப்போது மூன்று வருஷம். அவர்கள் விட்டுப்போன பழக்கங்களில் ஒன்று அப்பாவிடம் கெட்டியாக ஒட்டியிருந்தது. அந்தக் காலத்தில் எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும், கையெழுத்துக்கு மேலே 'லூ எ அப்ருவே' என்று சொந்தக் கையால் எழுத வேண்டும். 'படித்தேன், ஒப்புக்கொண்டேன்' என்று அர்த்தம். அதை எழுதாத கையெழுத்துக்குப் புதுச்சேரியில் மதிப்பில்லை. அப்பா எதிலும் அதை எழுதுவார். சபைக் காகிதத்தில், மில் தொழிலாளர் மனுவில், என் பள்ளிக்கூட மார்க் அட்டையில், ஒரு முறை சலவைக்காரர் கொடுத்த துணிச் சீட்டில்கூட. எழுத்து அழகாக, வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தில் ஒரு சுழியோடு இருக்கும். ஒரே குறை, அவர் 'லூ' என்பதை, அதாவது படிப்பதை, செய்வதில்லை. காலையில் ஒரு கட்டுக் காகிதம் வரும். மேலே இருப்பதை விட்டுவிட்டுக் கீழே எழுதுவார்; புரட்டுவார்; எழுதுவார். அந்த நேரத்தில் வந்தவர்களிடம் பேச்சும் நடந்துகொண்டிருக்கும். மில்லில் சங்கம் வைத்திருந்தபோது தொழிலாளர்களிடம், "படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கடா" என்று தொண்டை வறளச் சொன்னவரும் இவரேதான்.

என் சென்னைப் பட்டியலுக்கும் அவரே காரணம். தெருக் குழாய் வேண்டும் என்று மனு அனுப்பினால், குழாய் எங்கே வர வேண்டும் என்று படம் கேட்பார்கள். படம் போட ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் அடிமட்டமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் காலடியால் அளந்து படம் போட்டேன். ஏழாவது படத்தைப் பார்த்த மராமத்து இலாகா ஓவர்சீயர், "இது யார் போட்டது?" என்று கேட்டாராம். மகள் என்றதும், சென்னையில் பெண்களுக்கு இதற்கென்று இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது என்று விண்ணப்பத் தாளை வரவழைத்துக் கொடுத்தார். இடம் கிடைத்தது. விடுதியில் முதல் தவணை கட்டினால் சேரலாம். கட்டாவிட்டால் காத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்குப் போய்விடும். அப்பா சரி என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகுதான் மேடை ஏறினார்.

ஏன் ஏறினார் என்றால், எதிர்க்கட்சி வக்கீல். வயது முப்பது. பேச்சு இனிமையாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. முந்தின வாரம் அதே நாற்சந்தியில், "தண்ணீர்க் குழாய்க்கு மக்கள் வரிசையில் நிற்கும்போது மக்கள் பிரதிநிதிக்கு எதற்கு ஐயா முழுச் சம்பளம்?" என்று கேட்டிருந்தார். அவருக்குக் கடற்கரைப் பக்கம் பரம்பரை வீடும், கிராமத்தில் நிலமும் இருந்தன. சம்பளம் இல்லாமலே அவரால் சாப்பிட முடியும். அப்பாவால் முடியாது என்பது அவருக்கும் தெரியும். அப்பாவுக்குத்தான் அந்த நிமிஷம் தெரியவில்லை.

அப்பா மாலையோடு வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா இது, பாதிதான் இருக்கு?"

"ஆமாங்க. பாதிதான்."

"பால் இல்லியா?"

"பால் இருக்குது. மீதிப் பாதிய மக்களுக்கு விட்டுட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மாலையில் எத்தனை வகைப் பூ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "பேச்சுல வந்துடுச்சு" என்றார்.

"பேச்சுல வந்தா பேச்சுலயே போவட்டுமே. பொண்ணு படிப்பு இன்னா ஆவும்?"

"பாக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்பது குழாய் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லும் பதில். அதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்து அம்மா வருகிறவர்கள் எல்லோருக்கும் பாதி டம்ளர்தான் கொடுத்தாள். எங்கள் முன்னறையில் இரண்டு பெஞ்சு. ஆறு மணிக்கே நிறைந்துவிடும். அப்பாவின் தொகுதிக்காரர்கள் மட்டுமல்ல. தங்கள் உறுப்பினர் கதவைத் திறக்கவில்லை என்று வடக்கே கருவடிக்குப்பத்திலிருந்தெல்லாம் வருவார்கள். அங்கிருந்து கீரை விற்கும் அம்மா ஒருத்தி வருவாள். கூடையை முன்னறை நடுவில் இறக்கி வைத்துவிட்டு, அப்பாவைத் தவிர மற்ற எல்லோரையும் அதட்டுவாள். அவள் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இன்னா பொண்ணே, அடியில ஓட்டையா?"

அம்மா உள்ளேயிருந்தே சொன்னாள்: "அவரு பாதிச் சம்பளம் விட்டுட்டாரு இல்ல. அதுல ஒங்க காப்பியும் போச்சு."

"அவரு விட்டது எனக்குன்னு சொன்னாங்களே. எனக்கு விட்டா எனக்கு ஏன் கொறையுது?"

முன்னறையில் எல்லோரும் அவரவர் டம்ளருக்குள் பார்த்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வியில் ஒரு நுனி கிடைத்த மாதிரி இருந்தது. அன்று முதல் ஒரு தாளில் கோடு கிழித்து, வருகிறவர்களை எண்ண ஆரம்பித்தேன். நாள், வந்தவர், எதற்கு வந்தார், காப்பி குடித்தாரா. 'எதற்கு' என்ற கட்டத்தில் குழாய், குழாய், பஸ் நிற்கவில்லை, பிரான்ஸிலிருந்து சிப்பாய் பென்ஷன் வரவில்லை, குழாய், சும்மா. 'சும்மா' நிறைய இருந்தது.

இதற்கிடையில் அப்பாவிடம் நேராகப் பேச மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை அவர் சவரம் செய்துகொண்டிருந்தார்; பாதிக் கன்னத்தோடு இருந்தவரை யாரோ வாசலுக்கு இழுத்துக்கொண்டுபோனார். இரண்டாவது தடவை சாப்பிடும்போது. "அப்பறம் பாப்பா" என்றார். மூன்றாவது தடவை அவர் செருப்பு மாட்டும்போது. ஒரு செருப்பு வரை கேட்டார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். யார் எழுதிக் கையில் கொடுக்கிறார்களோ அவர்கள் காகிதம் மட்டும் கட்டில் சேர்ந்துவிடும். கட்டில் சேர்ந்தது எப்படியும் அவர் கைக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை வக்கீல் அடுத்த அம்பை விட்டார். பாதிச் சம்பளத்தை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். நாற்சந்தி வாசகசாலைப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர்க் குழாய் விஷயமாக இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒட்டியாக வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி அப்பா என்னைக் கூப்பிட்டார். "உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும். நாலு வரி எழுதிக் கட்டுல வை, பாப்பா. காலைல கையெழுத்துப் போட்டுட்டு நான் கிராமத்துக்குப் போறேன். செயலாளர் வந்து எடுத்துப்பாரு."

நான்கு வரி எழுதினேன். என் கழுத்தை நானே அளந்து கயிறு வெட்டிய மாதிரி இருந்தது. ஆனாலும் நான்கு வரியும் நேராக வந்தன. பிறகு இன்னொரு தாளை எடுத்து, அப்பாவுக்கு என் மனுவை எழுதினேன். ஆறு பத்திகள். சபை உறுப்பினர் என்று விளித்து, மனுக்கள் எப்படி இருக்குமோ அப்படியே. இதைப் படித்தாலாவது நின்று பதில் சொல்வார் என்பதுதான் என் கணக்கு. இரண்டையும் கட்டில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பா இரண்டின் கீழும் 'லூ எ அப்ருவே' என்று சுழியோடு எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு சைக்கிளில் போய்விட்டார். எட்டு மணிக்குக் கட்சிச் செயலாளர் வந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர், கண்ணாடி போட வேண்டியவர், போடாதவர். ஒரே கையெழுத்தில் இரண்டு தாள், இரண்டிலும் தலைவர் ஒப்பம். இரண்டையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

எங்களுக்குத் தெரிந்தது சாயங்காலம் நாலரை மணிக்கு. கீரைக்கார அம்மா கூட்டத்துக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்றாள்.

"பாப்பா, நாலாவது ரொம்ப நல்லா எழுதியிருக்க."

"எது நாலாவது?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. தையல் கடைக்காரரு படிச்சுக் காட்டினாரு. மூணு தரம் படிக்கச் சொன்னேன்."

நான் கட்டைப் போய்ப் பார்த்தேன். மனு இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"இன்னா எழுதின?"

சொன்னேன். அவள் கடைசிப் பத்தியைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக என் முதுகில் ஒன்று வைத்தாள். "நடடி. அவரு மேடை ஏறதுக்குள்ள சொல்லணும்."

நாங்கள் போனபோது அப்பா ஏறிவிட்டார். கிராமத்திலிருந்து நேராக வந்திருந்தார், வேட்டியில் புழுதி. பெண்கள் மூடிய அரிசிக் கடை ஓரமாக நின்றார்கள். நாங்களும் அங்கே நின்றோம். அம்மா கையை ஆட்டிப் பார்த்தாள். அப்பா பதிலுக்கு வணக்கம் போட்டார். கூட்டத்தில் யார் கை ஆட்டினாலும் அதுதான் அவர் வழக்கம்.

வக்கீல் எழுந்தார். கையில் பலகையிலிருந்து பிய்த்தெடுத்த என் மனு. ஒலிபெருக்கி முன் வந்து, இனிமையாகத் தொடங்கினார்.

"ஐயா அவர்கள் தம் உறுதிமொழியைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. பக்கத்தில் இன்னொன்றும் ஒட்டியிருக்கிறார்கள். அதிலும் ஐயாவே, படித்தேன், ஒப்புக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் படித்தால் நன்றாக இருக்காது. ஐயாவே படித்துக் காட்டட்டும்."

அப்பா கண்ணாடியை மாட்டினார். என் எழுத்து என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். அவர் கண் ஒரு தரம் பெண்கள் பக்கம் வந்து போனது. பிறகு படித்தார். அந்தத் தாளை அவர் படித்தது அதுதான் முதல் தடவை; அதையும் ஒலிபெருக்கியில் படித்தார்.

"மாண்புமிகு சபை உறுப்பினர் அவர்களுக்கு, தங்கள் வீட்டுக் கூடத்தில் வசிக்கும் மகள் எழுதிக்கொள்ளும் மனு." நிறுத்தினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஒன்று. தாங்கள் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்ததை ஒலிபெருக்கியில் கேட்டு மகிழ்ந்தேன்."

இது பொய். ஆனால் மனுக்கள் மகிழ்ச்சியோடுதான் தொடங்க வேண்டும்.

"இரண்டு. எந்தப் பாதி என்று தாங்கள் தெரிவிக்கவில்லை. அரிசி, விறகு, வாடகை அடங்கிய பாதியை விட முடியாது. ஆகவே மற்ற பாதி என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று. அந்த மற்ற பாதியில், தங்களைப் பார்க்க வருகிறவர்களின் காப்பி அடக்கம். ஆறு நாளில் தொண்ணூற்று நாலு பேர். அதில் முப்பத்தொரு பேர் வேலை இல்லாமல் சும்மா வந்தவர்கள். இந்தக் காப்பி ஏற்கெனவே மக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருமுறை விட்டதை மறுபடியும் விட முடியாது."

கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. சிலர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "ஒன்னத்தான் சொல்றா" என்றார்கள். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த பத்திக்கு வந்திருந்தார். முதலில் அதைத் தனக்குள் படித்தார் என்று தெரிந்தது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு, மேடைக் குரல் இல்லாமல், வீட்டுக் குரலில் படித்தார்.

"நாலு. மீதி இருப்பது என் விடுதிப் பணம். நானும் இந்தத் தொகுதியில் வசிப்பவள். மக்கள் என்று தாங்கள் சொன்னபோது என்னையும் சேர்த்துத்தான் சொன்னீர்களா என்பதைத் தெரிவிக்கவும்."

எனக்கு அரிசிக் கடையின் பலகைக் கதவுக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் ஓடிவிடாமல் இருக்கப் பிடித்தாளா, தான் விழாமல் இருக்கப் பிடித்தாளா, தெரியவில்லை.

"அஞ்சு. பணம் கட்டக் கடைசி நாள் இந்த மாதம் முப்பது. அதற்குள் பதில் வேண்டும். ஆறு." இங்கே அப்பாவின் மீசை அசைந்தது. "புதுக் குழாய்களுக்கான வரைபடம் இத்துடன் இணைக்கப்படவில்லை. பதில் வந்ததும் போட்டுத் தருவேன்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. வக்கீலும் சிரித்தார். ஆனால் அவர் சிரிக்கும்போதும் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருப்பவர். சத்தம் அடங்கக் காத்திருந்து கேட்டார்:

"ஐயா இதைப் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?"

அவர் கேட்டதில் இரண்டு பள்ளம் இருந்தது. படித்தேன் என்றால், பாதியைத் தருவதாக ஒரு தாளிலும் தர முடியாது என்று அடுத்த தாளிலும் ஒரே காலையில் ஒப்புக்கொண்ட ஏமாற்றுக்காரர். படிக்கவில்லை என்றால், மில் தொழிலாளர்களுக்கு இத்தனை வருஷம் உபதேசம் செய்துவிட்டுத் தானே படிக்காமல் போட்டவர். எதில் விழுந்தாலும் தேர்தலில் வலிக்கும். மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது: மகள் விளையாட்டுக்கு எழுதியது என்று தாளை மடித்துப் பையில் வைத்துவிடலாம். அப்படிச் செய்திருந்தால் கூட்டம் ஒப்புக்கொண்டிருக்கும். என் சோப்புப் பெட்டி கடையிலேயே இருந்திருக்கும்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்ல. காலைல படிக்கல. இப்பத்தான் படிச்சேன்."

முன்வரிசையில் இருந்த மில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படிக்காம போட்டது தப்பு. ஒங்களுக்குச் சொல்லிட்டு நானே செஞ்சிருக்கேன். இன்னொரு தப்பு, பாதின்னு வீட்டுல கேக்காம சொன்னது. அதை வாபஸ் வாங்கிக்கிறேன். கால் தர்றேன். இன்னொரு கால் ரெண்டு வருஷத்துக்கு எம் பொண்ணு படிப்புக்கு." கொஞ்சம் யோசித்தார். "நாலாவது கேள்விக்குப் பதில், ஆமா."

கைதட்டல் வரவில்லை. "பாதி கால் ஆயிடுச்சே" என்று யாரோ சத்தமாகச் சொன்னார். "அடுத்த வாரம் அரைக்கால் ஆவும்" என்றார் இன்னொருவர். வக்கீல் ஒரு சின்னக் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். செயலாளர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போது எங்கள் பக்கத்திலிருந்து கீரைக்கார அம்மா குரல் கொடுத்தாள். அவளுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"தலைவரே, காலும் வேணாம், அரையும் வேணாம். முழுசா வாங்கிக்க. சும்மா வேல செய்யறவன நான் எப்பிடிக் கேள்வி கேக்கறது? சம்பளம் வாங்கினாத்தான் கொழா எங்கன்னு கேக்கலாம்."

"கொழா எங்க?" என்று உடனே பின்னாலிருந்து நாலைந்து பேர் கேட்டார்கள். அதற்குப் பிறகு கூட்டம் தான் கூடிய விஷயத்துக்குத் திரும்பியது.

வீட்டுக்கு நடந்தபோது அப்பா நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தெரு முனை வந்ததும் சொன்னார்:

"எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே, பாப்பா."

"கேட்டேன்பா. மூணு தரம்."

"எப்போ?"

"சவரம், சாப்பாடு, செருப்பு."

அவர் கொஞ்ச தூரம் கணக்குப் பார்த்தார். "செருப்பு ஞாபகம் இருக்கு" என்றார்.

இருபத்தெட்டாம் தேதி இருவரும் சென்னைக்கு ரயில் ஏறினோம். விடுதியில் கையெழுத்துப் போட வேண்டியவை மூன்று, அதில் ஒன்று விதிப் புத்தகம். அப்பா அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்து மூன்றையும் முதல் வரியிலிருந்து படித்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் ஆறு அப்பாக்கள் நின்றார்கள். ஏழாம் பக்கத்தில், மாணவியர் வாரத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம் என்று ஒரு விதி இருந்தது. அது சரியில்லை என்று வார்டன் அம்மாவிடம் வாதாடினார். வார்டன் அம்மா, இதுவரை யாரும் ஏழாம் பக்கம் வரை வந்ததில்லை என்றார். விதி மாறவில்லை. எனக்கு இடம் கிடைத்தது.

முன்னறையிலும் படிப்பு தொடங்கிவிட்டது என்று அம்மா எழுதினாள். ஒவ்வொரு மனுவையும் அப்பா முழுக்கப் படிப்பதால் ஒன்பது மணிக்கு முடிகிற கூட்டம் பதினொன்று வரை போகிறதாம். உட்கார்ந்து அலுத்த 'சும்மா' ஆட்கள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்களாம். மிச்சமானது அந்தக் காப்பிதான் என்று எழுதியிருந்தாள்.

தலைவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று இப்போதும் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாதம் நடக்கும். பத்திரிகையில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்த செய்தி வந்திருக்கும். நான் எண்ணிப் பார்த்த வரையில் விட்டுக்கொடுப்பவர்கள் மூன்று வகை. சம்பளம் இல்லாமலே சாப்பிடக் கூடியவர்கள். அவர்கள் விடுவது சம்பளமே இல்லை, கைச்செலவு. சம்பளத்தில் சாப்பிடுகிறவர்கள், அவர்கள் விடும்போது விடுவது அவர்கள் மட்டும் இல்லை, வீட்டில் இருக்கும் எல்லோரும். மூன்றாவது, விடுவதாகச் சொல்லிவிட்டு விடாதவர்கள். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை, கைதட்டிய கைகள் வலித்ததைத் தவிர. சம்பளமே இல்லை என்று வைத்துவிட்டால் முதல் வகைக்காரர்கள் மட்டுமே சபைக்குப் போவார்கள். மில் டைம் கீப்பர் போக மாட்டார். ஆகவே என் ஓட்டு கீரைக்கார அம்மாவின் பக்கம். முழுசாக வாங்கட்டும், குழாய் எங்கே என்று நாம் கேட்போம். விட்டே தீருவேன் என்பவர் விடட்டும். ஆனால் மேடையில் சொல்வதற்கு முன்னால், சமையலறையில் சொல்லிப் பார்க்கட்டும்.

அப்பா அந்தக் கால் பங்கைக் கடைசி மாதம் வரை கொடுத்தார். கருவடிக்குப்பத்துக்கு ஒரு குழாயும் வந்தது. அவருடைய தொகுதியே இல்லை என்றாலும். நான் இரண்டாம் வருஷத்தில் இருந்தபோது தேர்தல் வந்தது. தோற்றுப்போனார். பாதி கால் ஆனதால் தோற்றார் என்றார்கள் சிலர். படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் என்றார்கள் மில் ஆட்கள். பெண்ணைச் சென்னைக்கு அனுப்பியதால் என்றார்கள் எங்கள் உறவினர்கள். செயலாளர் மட்டும் தன்னால்தான் என்று சொல்லிக்கொண்டு, அதற்குப் பிறகு கண்ணாடி வாங்கினார். முழுச் சம்பளமும் ஒரே நாளில் மக்களிடம் திரும்பிப் போனது. மில்லில் அப்பாவுக்குப் பழைய வேலை, ஒரு படி கீழே, கிடைத்தது. என் கடைசி இரண்டு தவணையும் அதில்தான் கட்டினோம். கடிதத்தில் அதைப் பற்றி எழுதாமல், படம் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஜெயித்தது வக்கீல். அதற்குள் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. விடுமுறைக்கு நான் வந்திருந்த சமயம், ஒரு சாயங்காலம் செயலாளர் மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்சந்தியில் வக்கீலின் நன்றி அறிவிப்புக் கூட்டத்திலிருந்து நேராக வருகிறார்.

"அண்ணி, கேட்டீங்களா? கூட்டத்துல ஒருத்தன் எழுந்து, ஐயா நீங்க எவ்வளவு விட்டுக்கொடுக்கப் போறீங்கன்னு கேட்டுட்டான்."

"இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"மொதல்ல தண்ணி குடிச்சாரு. அப்பறம், வீட்ல கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்றேன்னாரு."

அம்மா முறத்தில் இருந்த அரிசியைத் தட்டி ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"பொழைச்சுக்குவான்" என்றாள்.